சிரிப்பு யார்மேல், காதல் யாருக்கு: ஹாலிவுட் ரோம்காம்களில் ஆசியர்கள்

1961 அக்டோபரிலும் நவம்பரிலும் ஹாலிவுட்டிலிருந்து இரண்டு காதல் நகைச்சுவைப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்'. நாயகி குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் இருப்பவர் யூனியோஷி என்ற ஜப்பானியர். அந்த வேடத்தில் நடித்தவர் மிக்கி ரூனி. துருத்திய பொய்ப்பல், மேக்கப்பில் இடுக்கிய கண்கள், குதறிய ஆங்கிலம். தூக்கத்திலிருந்து எழுந்ததும் தலைக்குமேல் தொங்கும் காகித விளக்கில் முட்டிக்கொள்வதுதான் அவருடைய அறிமுகம். அதன்பின் படம் முழுக்க, அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் கத்துவதும் போலீசைக் கூப்பிடுவேன் என்பதும்தான் வேலை. ட்ரூமன் கப்போட்டியின் மூலக் குறுநாவலில் இதே ஆள் கலிஃபோர்னியாக்காரர், பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். பொய்ப்பல்லும் முட்டலும் படம் எடுத்தவர்கள் சேர்த்தவை. இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் பிற்காலத்தில் இதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

இரண்டாவது படம் 'ஃப்ளவர் டிரம் சாங்'. சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் நடக்கும் பாட்டுப் படம். நான்சி குவான், ஜேம்ஸ் ஷிகேட்டா, மியோஷி உமேகி என்று ஏறக்குறைய எல்லாருமே ஆசிய வம்சாவளி நடிகர்கள். காதலிப்பவர்களும் அவர்களே, ஏமாற்றுபவர்களும் அவர்களே, கல்யாணம் செய்துகொள்பவர்களும் அவர்களே. குறை இல்லாமல் இல்லை. சீனர்களாக வரும் ஷிகேட்டாவும் உமேகியும் ஜப்பானிய வம்சாவளியினர். அத்தை வேடத்தில் கறுப்பின நடிகை ஹுவானிட்டா ஹால். யாரை வேண்டுமானாலும் யாராகவும் காட்டலாம் என்ற அசட்டை அதில் தெரிகிறது. ஆனாலும் ஷிகேட்டா பாடும்போது கேமரா அவரை ஒரு காதல் நாயகனாகப் பார்க்கிறது. அதே ஆண்டில் பக்கத்துத் திரையரங்கில் ரூனி முட்டிக்கொண்டிருந்தார்.

ரோம்காம் என்ற காதல் நகைச்சுவை வகைக்குப் பங்கிட்டுத் தர இரண்டு பொருள்கள் இருக்கின்றன: சிரிப்பு, காதல். ஒரு பாத்திரம் ஜோக் சொல்கிறதா, ஜோக்காகிறதா? அதை யாராவது ஆசையோடு பார்க்கிறார்களா? இந்த இரண்டையும் கேட்டால் போதும், படத்தின் நிறம் தெரிந்துவிடும். எத்தனை ஆசிய முகங்கள் என்று தலை எண்ணுவதால் பெரிய பயன் இல்லை. கீழே வரும் படங்களை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். கதை முடிவுகள் வெளிப்படும், பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

பழைய படங்களில் கட்டாயம் பார்க்கவேண்டியது, நல்ல படம் என்பதற்காக அல்லாமல் தவறு எப்படிச் செய்யப்படுகிறது என்று கற்பதற்காக, 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984). இதில் லாங் டக் டாங் என்று ஒரு வெளிநாட்டு மாணவன். பெயரே கேலிக்காகக் கட்டியது. அவன் தலை தெரிந்தாலோ பெயர் அடிபட்டாலோ பின்னணியில் சேகண்டி ஒலிக்கும். அவன் வாய் திறக்குமுன்பே 'இப்போது சிரி' என்று படம் நமக்குச் சொல்லிவிடுகிறது. இது இசையமைப்பிலும் எடிட்டிங்கிலும் செய்யும் வேலை. வசனத்தை மட்டும் திருத்தினால் போகாது. நடித்த கெடே வாட்டனாபே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். அந்த உச்சரிப்பு வேடத்துக்காகப் போட்டது. டாங்குக்கு ஒரு காதலியும் உண்டு. ஆனால் அவள் அவனைவிட உயரமும் உடற்கட்டும் கொண்டவள், அந்த அளவு வித்தியாசத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பதற்கே அந்தக் காதல். சிரிப்புக்கான இலக்கும் அவனே, கிடைத்த காதலும் கேலியே. ஆசிய ஆண் என்றால் விரும்பத்தக்கவன் இல்லை என்ற வார்ப்பு அமெரிக்கப் பள்ளிக்கூட வராண்டாக்கள் வரை போய்ச் சேர்ந்ததில் இந்த ஒரு பாத்திரத்துக்குப் பெரிய பங்கு.

இதன் வேர் இன்னும் பழையது. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டைக் கட்டிவைத்திருந்த தணிக்கை விதிகள் இனக்கலப்புக் காதலை 1956 வரை திரையில் தடைசெய்தன. விதியின் வாசகம் வெள்ளையர், கறுப்பர் பற்றியே பேசியது. நடைமுறையில் ஆசியர்களையும் அது தொட்டது. 'தி குட் எர்த்' (1937) படத்தில் சீன விவசாயியாக வெள்ளையரான பால் முனி ஒப்பந்தமானதும், அவருக்கு மனைவியாக நிஜச் சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் நடிக்கும் வாய்ப்பு அடைபட்டது. வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் வாங்கித் தந்தது. முத்தமிட முடியாதவர்களுக்குக் காதல் கதையில் மிச்சம் என்ன? வில்லி, வேலைக்காரி, சாகும் அப்பாவிப் பெண், கோமாளி. விதி போனபின்பும் இந்த நான்கு வேடங்களும் போகவில்லை.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் ஆய்வுக்குழு 2007 முதல் 2019 வரை அதிகம் ஓடிய 1,300 படங்களை அலசியது. ஆசிய அல்லது பசிபிக் தீவு வம்சாவளியினர் முதன்மை வேடத்தில் வந்தவை 44 மட்டுமே. அதிலும் 14 படங்கள் டுவைன் ஜான்சன் என்ற ஒரே ஆளுடையவை.

இந்தப் பின்னணியில்தான் 2018 ஆகஸ்டில் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' வந்தது. தற்காலக் கதையில் பெரும்பான்மை ஆசிய வம்சாவளி நடிகர்களை வைத்து ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ படம் எடுப்பது 1993இன் 'ஜாய் லக் கிளப்'புக்குப் பிறகு, 25 ஆண்டு கழித்து, அதுதான் முதல்முறை. நாவலாசிரியர் கெவின் குவானிடம் ஒரு தயாரிப்பாளர் நாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றச் சொல்லியிருக்கிறார், அவர் மறுத்துவிட்டார். நெட்ஃப்ளிக்ஸ் கொட்டிக்கொடுக்க வந்த பணத்தையும் வேண்டாமென்று, திரையரங்கில்தான் வரவேண்டும் என்று அவரும் இயக்குநர் ஜான் எம். சூவும் நின்றார்கள். செலவு சுமார் 3 கோடி டாலர், உலக வசூல் 23 கோடி டாலருக்கும் மேல். 'ஆசிய முகம் ஓடாது' என்ற பேச்சுக்கு ஸ்டுடியோக்களுக்குப் புரியும் மொழியிலேயே கிடைத்த பதில் இது.

படத்தின் உச்சம் மாஜோங் என்ற சீனக் காய் ஆட்டக் காட்சி. இதற்காக மட்டுமே படத்தை இரண்டுமுறை பார்க்கலாம். நாயகி ரேச்சல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிப்பவர். படத்தின் தொடக்கத்தில் சீட்டாட்டத்தை வைத்து ஆட்டக் கோட்பாடு பாடம் நடத்துகிறார். ஜெயிக்க ஆடாமல், தோற்றுவிடக்கூடாது என்று பயந்து ஆடுகிறவரை எப்படி மடக்குவது என்பதே அந்தப் பாடம். கடைசியில், தன்னை மருமகளாக ஏற்க மறுக்கும், காதலன் நிக்கின் தாய் எலினாரை மாஜோங் மேசைக்கு அழைக்கிறார். எலினார் உட்கார்வது கிழக்கு, ரேச்சல் மேற்கு. ரேச்சலுக்கு 'மூங்கில் எட்டு' என்ற காய் வருகிறது. அதை வைத்துக்கொண்டால் ஆட்டம் அவளுடையது. எலினாருக்கும் வேண்டியது அதே காய்தான். நிக் தன்னை மணக்கக் கேட்டதையும், தான் மறுத்துவிட்டதையும் சொல்லிக்கொண்டே அந்தக் காயை மேசையில் விடுகிறாள். எலினார் எடுத்துக்கொண்டு வெற்றிக் காய்களைத் திறக்கிறார். எழுந்து போகுமுன் ரேச்சல் தன் காய்களையும் திருப்பிக் காட்டுகிறாள். நான் ஜெயித்திருக்க முடியும், உங்களுக்காக விட்டேன் என்பது ஒரு வார்த்தையும் இல்லாமல் புரிகிறது.

ஆட்டவிதியைப் படம் எங்கும் விளக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு முழுச்சுவை, தெரியாதவர்களுக்கு இரண்டு முகங்கள் போதும். 'வெளியாட்களுக்குப் புரியாது' என்று ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாத்திரத்தை வைத்து விளக்கம் கேட்கவைப்பது இந்த வகைப் படங்களின் தீராத நோய். இங்கே அது இல்லை.

எலினாரை எழுதிய விதமும் பாராட்டுக்குரியது. நெஞ்சில் ஈரமில்லாத கீழைநாட்டுச் சீமாட்டி என்பது பழைய வார்ப்பு. மிஷல் யோ அந்த வார்ப்புக்குள் நுழைந்து உள்ளிருந்து அதை உடைக்கிறார். தன் மாமியாரும் தன்னை ஏற்கவில்லை, குடும்ப மோதிரத்தைத் தரவில்லை, கணவர் வேறு மோதிரம் செய்துகொடுத்தார் என்று அவர் சொல்லும்போது, மருமகளைத் தள்ளுகிறவளும் ஒருகாலத்தில் தள்ளப்பட்டவள் என்று தெரிகிறது. விமானத்தில் நிக் நீட்டுவது அந்த மரகத மோதிரம்தான். அது யோவின் சொந்த மோதிரம்.

ஜோக்குகளிலும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. நடிகர் கென் ஜியாங் முதலில் கொச்சையான ஆங்கில உச்சரிப்போடு பேசி, ரேச்சல் சங்கடத்தில் நெளியும்போது சட்டென்று சுத்த அமெரிக்க உச்சரிப்புக்கு மாறி, தானும் அமெரிக்காவில் படித்தவன்தான் என்கிறார். சிக்கிக்கொள்வது உச்சரிப்பைக் கேட்டு ஆளை எடைபோட்ட பார்வையாளர்தான். மொழிமாற்றிய ஒலியில் இந்த ஜோக் முழுக்கத் தொலைந்துவிடும். மூல ஒலியில் பாருங்கள்.

இனி குறை. தமிழ் படிப்பவர்களுக்கு இது கூடுதலாகவே உறுத்தும். கதை நடப்பது சிங்கப்பூரில். அந்நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. படத்தில் இந்தியர்கள் எங்கே? ரேச்சலும் தோழியும் இரவில் நிக் குடும்பத்து மாளிகைக்கு வரும்போது வாசலில் துப்பாக்கியும் ஈட்டிமுனையுமாக வந்து நிற்கும் தலைப்பாகைக் காவலர்கள். அந்தக் காட்சியின் இசையும் வெளிச்சமும் அவர்களைப் பயமாகக் காட்டுகின்றன, தோழிகளின் பதற்றத்தைச் சிரிப்பாகக் காட்டுகின்றன. மற்ற இடங்களில் கறுத்த முகங்கள் வண்டிக் கதவு திறக்கின்றன, தட்டு ஏந்துகின்றன. வசனமோ பெயரோ இல்லை. வெள்ளைக்காரர்கள் சீனர்களுக்கு நூறாண்டு கொடுத்த வேடத்தை, கை கொஞ்சம் நிமிர்ந்ததும் சீன நாயகர்களின் படம் அடுத்த படியில் நிற்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மாளிகைக்குள் நடக்கும் கதை இது, பெரும்பணக்காரச் சீனக் குடும்பத்தின் உலகம் அப்படித்தான் என்று வாதிடலாம். ஆனால் ஹாக்கர் உணவுக்கடைக் காட்சி இருக்கிறது, தெருக்காட்சிகள் இருக்கின்றன, விருந்தினர் கூட்டம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒரு நண்பன், ஒரு வழக்கறிஞர், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஒரு தமிழ் முகம் என்று வைக்க எத்தனையோ இடம் இருந்தது. சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமும் அங்கங்கே தலைகாட்டுவதோடு சரி.

இன்னொரு சறுக்கல் உடலைப் பற்றியது. ஆசிய ஆண் கவர்ச்சியற்றவன் என்ற பழிக்குப் பதிலாகப் படம் சட்டையில்லாத உடற்கட்டுகளை வரிசையாகக் காட்டுகிறது. நடிகர் பியர் பிங் குளியலறையிலிருந்து வெளிவரும் காட்சி வெளிப்படையாக அதற்கே. ஒருமுறை இது தேவைதான். கேமராவின் ஆசை எங்கே போகலாம் என்று காட்டியது. ஆனால் விரும்பப்பட வேண்டுமென்றால் ஒன்று கோடீஸ்வரனாக இரு, அல்லது வயிற்றில் வரி விழ வை என்பது புதிய நிபந்தனை. சாதாரண வேலையில் சாதாரண உடம்போடு இருப்பவனுக்குக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது.

அந்தக் கதவைத் திறந்தது 'ஆல்வேஸ் பி மை மேபி' (2019). மார்கஸ் அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பவன், அவரோடு சேர்ந்து ஏசி பொருத்தும் வேலை. டாக்டருமில்லை, கணக்குப் புலியுமில்லை. இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறான், அதன் பெயர் 'ஹலோ பெரில்'. ஆசியர்களைப் பற்றி மேற்கில் கிளப்பிய 'மஞ்சள் அபாயம்' என்ற பீதியைத் திருப்பி எடுத்த சிலேடை. நாயகி சாஷாவைச் சுற்றி மூன்று ஆண்கள்: மார்கஸாக ராண்டல் பார்க், பகட்டான வருங்காலக் கணவனாக டேனியல் டே கிம், தன்னையே கேலிசெய்துகொண்டு கியானு ரீவ்ஸ். மூவரும் ஆசிய வேர் உள்ளவர்கள். ஒருவன் சோம்பேறி, ஒருவன் சுயநலக்காரன், ஒருவன் கிறுக்கன். படத்தில் ஒரே ஒரு ஆசிய ஆண் இருந்திருந்தால் அவன் குறை முழு இனத்தின் குறையாகத் தெரிந்திருக்கும். மூன்று பேர் இருக்கும்போது ஒவ்வொருவனும் தன் குறைக்கு மட்டும் பொறுப்பு. எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய மிக எளிய, மிகப் பயனுள்ள நுட்பம் இதுதான்.

உணவும் இதில் அலங்காரமாக இல்லை. மார்கஸின் தாய் ஜூடிதான் சிறுமி சாஷாவுக்குக் கிம்ச்சி ஜிகே என்ற கொரியக் குழம்பு சமைக்கக் கற்றுத்தருகிறார், கத்தரிக்கோலால் காய் நறுக்கிக்காட்டி. பெரிய சமையல் கலைஞரான பின் சாஷா பகட்டுத் தட்டுகளில் தொலைந்துபோகிறாள். முடிவில் அந்தத் தாயின் பெயரில் உணவகம் திறக்கிறாள். காதலின் முடிச்சும் அங்கேதான் அவிழ்கிறது. நடுப்பகுதி கொஞ்சம் தொய்வு, காட்சியமைப்பு டிவி தொடர்போலத் தட்டை. அது பெரிய பிழையாகத் தெரியவில்லை.

'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்டு பிஃபோர்' (2018) வேறு ரகம். நூலாசிரியர் ஜென்னி ஹானிடம் வந்த தயாரிப்பு நிறுவனங்களில் நாயகி ஆசியப் பெண்ணாகவே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதானாம். லாரா ஜீன் பாதி கொரியர், தாயை இழந்தவள். அவள் இனம் கதையின் பிரச்சினையாவதே இல்லை. அவள் வெட்கப்படுகிறாள், ஆசைப்படுகிறாள், பொய்க்காதலில் மாட்டிக்கொள்கிறாள். பதின்வயது நாயகிக்கு வழக்கமாகக் கிடைப்பதெல்லாம் அவளுக்கும் கிடைக்கிறது. எல்லாரும் உட்கார்ந்து 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' பார்க்கும் காட்சியில், இந்த டாங் பாத்திரம் கொஞ்சம் இனவெறியாக இல்லையா என்று அவளுடைய பொய்க்காதலன் பீட்டர் கேட்கிறான். கொஞ்சமில்லை, ரொம்பவே என்று பதில் வருகிறது. பழைய காயத்தைப் பெயர் சொல்லித் தொட்ட நேர்மை அது. ஆனால் லாரா ஜீன் காதல் கடிதம் எழுதிய ஐந்து பையன்களில் ஒருவர்கூட ஆசியர் இல்லை. ஆசியப் பெண்ணுக்குக் கதவு திறந்தது, ஆசியப் பையன் வெளியிலேயே நின்றான்.

'தி பிக் சிக்' (2017) இதன் மறுபுறம். குமைல் நஞ்சியானி நாயகன், அவனும் எமிலியும் பேசும் வசனங்கள் அருமை, ஆஸ்கர் பரிந்துரை பெற்ற திரைக்கதை. அம்மா பார்த்து வைக்கும் பாகிஸ்தானியப் பெண்களின் புகைப்படங்களை அவன் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டுவைக்கிறான், எமிலி அதைத் திறக்கும்போது சண்டை வெடிக்கிறது. கதைக்கு அந்தப் பெட்டி அற்புதமான பொருள். சிக்கல் என்னவென்றால், படமும் அந்தப் பெண்களைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு வரி பேசிச் சிரிக்கவைத்துவிட்டுப் போகிறார்கள். கதீஜா ஒருத்திதான் காரில் உட்கார்ந்து தன் சலிப்பைச் சொல்கிறாள். வெல்லா லவல் அந்த ஒரு காட்சியில் ஒரு முழு வாழ்க்கையைக் காட்டிவிடுகிறார், அதனாலேயே மற்ற பெண்களுக்குச் செய்த அநியாயம் பளிச்சென்று தெரிகிறது. நவீனக் காதல் என்றால் வெள்ளைக்காரப் பெண், மரபு என்றால் சொந்த நிறத்துப் பெண் என்ற சமன்பாடு தெற்காசிய நாயகன்கள் எழுதும் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

'லவ் ஹார்ட்' (2021) பற்றி நீட்ட வேண்டியதில்லை. டேட்டிங் செயலியில் தன் படத்துக்குப் பதில் நண்பனின் படத்தைப் போடும் ஜாஷ் லின்னாக ஜிம்மி ஓ. யாங். தன் முகத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று அவன் நம்புவது உண்மையான வலி. படம் அந்த வலியைப் பேசுமுன், அவன் முகத்தைப் பார்த்ததும் நாயகி அடையும் ஏமாற்றத்தை வைத்தே பாதிநேரம் சிரிக்கவைக்கப் பார்க்கிறது. யாங்கின் நிதானமான நடிப்புக்காக ஒருமுறை பார்க்கலாம். 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' (2019) படத்தில் ஹென்றி கோல்டிங் அழகான காதலன், ஆனால் கடைசியில் அவன் ஏற்கெனவே இறந்தவன், நாயகியின் உடலில் துடிப்பது அவன் இதயம் என்று தெரிகிறது. ஆசியக் காதலன் கிடைத்தான், உடம்பு இல்லாமல்.

திரைப்படங்களைத் தாண்டி ஒரு சொல். 2022இல் வந்த 'பிரிட்ஜர்ட்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் சர்மா சகோதரிகள் தந்தையை 'அப்பா' என்கிறார்கள், அக்காவை 'தீதி' என்கிறார்கள், தங்கையை 'போன்' என்கிறார்கள். முதலாவது நம் சொல், அடுத்தது இந்தி, மூன்றாவது வங்காளம். அக்காவாக நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ் வம்சாவளி. ஒரு வீட்டில் மூன்று மொழி உறவுமுறை என்றால் அந்த வீடு எந்த ஊரிலும் இல்லை. எழுத்தறையில் அந்த மொழி தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

எழுத்தறை என்றதும் கூலியையும் சொல்லவேண்டும். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' எழுதியவர்களில் மலேசியாவில் பிறந்த அடெல் லிம் ஒருவர். அடுத்த பாகத்துக்கு அவருக்குப் பேசப்பட்ட தொகை சுமார் 1,10,000 டாலர், உடன் எழுதிய வெள்ளையருக்கு 8 லட்சம் முதல் 10 லட்சம் டாலர் வரை என்று 2019இல் செய்தி வந்தது. லிம் விலகினார். இந்த வகைப் படங்களில் பண்பாட்டு நுணுக்கத்தைக் கொண்டுவருபவரை, சாப்பாட்டில் கடைசியில் தெளிக்கும் சோயா சாஸ்போல நடத்துகிறார்கள் என்று அவர் வெளிப்படுத்திய ஆதங்கம் நியாயமானது. மாஜோங் காட்சியின் அடர்த்தி தெளித்ததால் வந்ததில்லை.

பார்க்கும் வரிசை கேட்டால்: முதலில் 'ஆல்வேஸ் பி மை மேபி', அப்புறம் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்', நேரம் இருந்தால் 'ஃப்ளவர் டிரம் சாங்'. பார்க்கும்போது கண்ணைவிடக் காதை நம்புங்கள். ஆசியப் பாத்திரம் நுழையும்போது இசை மாறுகிறதா, உச்சரிப்பு மட்டுமே ஜோக்காக இருக்கிறதா என்று கேளுங்கள். நாயகியின் ஆசியத் தோழிக்கு வீடு, வேலை, காதல் என்று ஏதாவது காட்டப்படுகிறதா, அல்லது நாயகி அழும்போது மட்டும் ஃபோன் எடுக்கிறாளா என்று பாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் விமான நிலையத்துக்கு ஓடுவது யார், கைதட்டுவது யார் என்பதையும் கவனியுங்கள். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' இரண்டாம் முறை ஓடும்போது, கார் மாளிகைக்குள் திரும்புகிற இடத்தில் படத்தை நிறுத்தி, வாசலில் நிற்கும் அந்த இரண்டு காவலர்களின் முகத்தைப் பாருங்கள். படம் அங்கே நிற்கவே இல்லை.